மேல்முறையீட்டாளர் தரப்பு ஆஜராகவில்லை

இது நடந்தது. சொன்னவர் சட்டம் படித்தவர் என்றதும் உங்களில் சிலர் சிரிப்பீர்கள். வக்கீல் பேச்சையா நம்பச் சொல்கிறாய் என்பீர்கள். சிரித்துக்கொள்ளுங்கள். சாட்சியைக் குறுக்கு விசாரணை செய்வது எப்படி என்று தலைமுறை தலைமுறையாகப் பாடம் நடத்தியவர் அவர். பார்த்ததையும் கேட்டதையும் தவிர ஒரு சொல் கூடச் சொல்லவில்லை. சொல்லி முடிப்பதற்குள் மேசையிலிருந்த தண்ணீரை இரண்டு முறை கொட்டிவிட்டார்.

பொதுப் பல்கலைக்கழகத்தின் சட்டக் கல்லூரியில் அவர் பேராசிரியை. மாணவர்கள் வைத்த பட்டப்பெயர் 'அடுத்த கேஸ்'. மாணவர்கள் வாதாடிப் பழகும் மாதிரி நீதிமன்றத்தில் நீதிபதி நாற்காலியில் உட்கார்ந்தால், எதிரே நிற்பவர் எவ்வளவு உருகினாலும் கன்னத்தில் கை வைத்துக் கேட்டுவிட்டு, "சரி, அடுத்த கேஸ்" என்பார். அவ்வளவுதான்.

அவருக்கு ஒரே மகள். அதே கல்லூரியில் கடைசி வருடம். ஆள் குள்ளம். கறுப்பு அங்கியை மாட்டிக்கொண்டு அவள் விறுவிறுவென்று போவதைப் பார்த்து எல்லாரும் 'கட்டெறும்பு' என்றே கூப்பிட்டார்கள். கடித்தால் தெரியும் சேதி என்று அவளும் பெருமையாகச் சொல்லிக்கொள்வாள்.

வீட்டில் ஒரு சட்டம் இருந்தது. கல்லூரி கேட்டைத் தாண்டினால் அம்மா கிடையாது, மேடம்தான். ஒரே வாசலிலிருந்து கிளம்பினாலும் அம்மா காரில், மகள் பஸ்ஸில். சொந்த மகளுக்குச் சலுகை காட்டுகிறார் என்று யாரும் நாக்கு மேல் பல் போட்டுப் பேசிவிடக் கூடாது.

"நீங்க ஜம்முனு கார்ல போறீங்க, நான் பஸ்ல தொங்கறேன். இதுக்கு எந்தக் கோர்ட்லம்மா அப்பீல் போறது?" என்பாள் மகள்.

அம்மா சிரிப்பை அடக்கிக்கொண்டு, "அடுத்த கேஸ்" என்பார்.

அந்தக் கட்டெறும்பு செத்துப்போய் ஒரு வருடம் ஆகிவிட்டது.

கல்லூரியின் பவள விழா வந்தது. அதன் வரலாற்றை எழுதும் வேலையை முதல்வர் இவரிடம் கொடுத்தார். ஏதாவது ஒன்றில் மூழ்கிக் கிடந்தால் தேவலை என்று நினைத்திருப்பார். விடுமுறைக் காலம், கட்டடம் வெறிச்சென்று கிடந்தது. பழைய படங்களையும் காகிதங்களையும் பரப்பிவைக்க மாதிரி நீதிமன்றத்து நீள மேசைதான் வசதி. அந்த அறைக்குள் அவர் ஒரு வருடமாகக் கால் வைத்ததில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு போனார்.

வரலாறு சுவையாகத்தான் இருந்தது. தானியக் கிடங்கின் மாடியில், பகலில் வேலைக்குப் போகிறவர்களுக்கான மாலை வகுப்பாகத் தொடங்கிய கல்லூரி அது. கீழே மூட்டை போடுகிற சத்தம், மேலே குற்றவியல் சட்டம். பணம் இல்லாத வீட்டுப் பிள்ளையும் வக்கீலாகலாம் என்று பல்கலைக்கழகம் கட்டணத்தைக் குறைத்தது. பிறகு நகர நீதிமன்றம் புதுக் கட்டடத்துக்குப் போனபோது பழைய கட்டடம் கல்லூரிக்குக் கிடைத்தது. மாதிரி நீதிமன்றம் என்று இவர்கள் சொல்வது ஒரு காலத்தில் நிஜ நீதிமன்றம்.

முதல் முதல்வர் அங்கே ஒரு வழக்கத்தைப் போட்டுவிட்டுப் போயிருந்தார். வாதாட வேண்டியவர் வரவில்லை என்றால், நிஜ நீதிமன்றத்தைப் போலவே ஒரு மாணவர் வாசலில் நின்று தாழ்வாரத்தைப் பார்த்து மூன்று முறை கூப்பிட வேண்டும். பெயர் சொல்லக் கூடாது, தரப்பைத்தான் சொல்ல வேண்டும். மூன்றாவது முறையும் பதில் இல்லையென்றால் 'ஆஜராகவில்லை' என்று எதிர்த்தரப்புக்குத் தீர்ப்பு.

இந்தப் பத்தியை எழுதும்போது அவருக்குப் பேனா ஓடவில்லை.

போன வருடம் மாணவர்களின் வாதப் போட்டியில் இறுதிப் போட்டி அன்று நீதிபதி நாற்காலியில் இருந்தவர் அவர். வராமல் போனவள் அவர் மகள். "மேல்முறையீட்டாளர் தரப்பு!" என்று மூன்று முறை கூப்பிட்டார்கள். வழக்கம் போலத் தூங்கிவிட்டாள், வீட்டுக்குப் போய் வைத்துக்கொள்கிறேன் என்று மனசுக்குள் கறுவிக்கொண்டே, "ஆஜராகவில்லை. அடுத்த கேஸ்" என்றார். மதியம் முதல்வர் வாசலில் வந்து நின்றார். அவர் முகத்தில் ரத்தமே இல்லை. பஸ் நிறுத்தத்துக்கு எதிரே, சாலையைக் கடக்கும்போது, லாரி. நீதிமன்றத்துக்குள் கைபேசி கூடாது என்பதால் அம்மாவின் கைபேசி பையில் செத்துக் கிடந்தது.

எழுதியது போதும் என்று எழுந்தபோதுதான் அதைக் கவனித்தார்.

வாதாடுபவர்கள் குறிப்பு வைத்துக்கொள்ளும் இரும்பு ஸ்டாண்டுகள் இரண்டு. ஒன்று மட்டும் கீழே இறக்கி வைக்கப்பட்டிருந்தது. மிகவும் கீழே. மேல்முறையீட்டாளர் பக்கத்து ஸ்டாண்ட். அவ்வளவு கீழே இறக்கிப் பேசியவள் அந்தக் கல்லூரியில் ஒருத்திதான்.

பெருக்க வந்தவர்கள் இறக்கியிருப்பார்கள் என்று நினைத்து, உயர்த்தித் திருகை இறுக்கிவிட்டுப் போனார்.

மறுநாள் மதியம் வந்தார். ஸ்டாண்ட் இறங்கியிருந்தது.

"அண்ணே, உள்ள யாராவது வந்தாங்களா?"

"அந்த ரூம் சாவி உங்ககிட்டதானே மேடம் இருக்கு?" என்றார் வாட்ச்மேன்.

மறுபடி உயர்த்தினார். கை வலிக்கும் வரை திருகை இறுக்கினார். மேசைக்குத் திரும்பி, அதற்கு முதுகு காட்டி உட்கார்ந்தார். வெளியே மழை. படங்களுக்குத் தலைப்பு எழுதத் தொடங்கினார்.

கிரீச்...

திரும்பவில்லை. காற்றாக இருக்கும்.

கிரீச்... கிரீச்...

இரும்பு மெதுவாக இறங்குகிற சத்தம். பிறகு தொண்டையைச் செருமுகிற சத்தம். ரொம்பச் சின்னதாக.

திரும்பினார்.

யாருமில்லை.

ஸ்டாண்ட் கீழே இருந்தது.

பையைக்கூட எடுக்கவில்லை. ஓடினார்.

அன்று சாயங்காலமே ஒரு பெண் அவர் வீட்டுக்கு வந்தாள். பழைய மாணவி, இப்போது ஒரு வக்கீலிடம் ஜூனியர். விழா மலரில் சேர்க்கப் பழைய மாணவர்களின் நினைவுகளைக் கேட்டிருந்தார். அதற்காக வரச் சொல்லியிருந்தார். போன வருட இறுதிப் போட்டியில் எதிர்த்தரப்பு அவள்தான். கோப்பையை அவளுக்குத்தான் கொடுத்தார்கள்.

உட்காரச் சொன்னார். அவள் உட்காரவில்லை. கொடுத்த டீயைத் தொடவும் இல்லை.

"எனக்கு எழுத வரல மேடம். மனசுல ஒண்ணை வச்சுக்கிட்டு வேற எதையாவது எழுத முடியல. நீங்க அன்னிக்கு அப்படிப் பண்ணியிருக்கக் கூடாது."

"என்ன பண்ணேன்?"

"லேட்டுதான். ஒத்துக்கறேன். ஆனா வந்துட்டாளே மேடம்..."

பேராசிரியைக்கு எதுவும் புரியவில்லை.

"மூணாவது தடவை கூப்பிட்டதும் உள்ள வந்தாளே. ஸ்டாண்டை இறக்கி வச்சா. கிரீச்சுனு சத்தம் வந்துச்சு, நாங்கள்லாம் சிரிச்சோம். 'வந்துட்டேன்மா'ன்னா. நீங்க அவளையே நேரா பார்த்துக்கிட்டு 'ஆஜராகவில்லை'ன்னுட்டீங்க. கோர்ட்ல அம்மான்னு கூப்பிட்டுட்டா, அந்தக் கோபம்னு நினைச்சோம்."

பேராசிரியை நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"அவ ஒண்ணும் சொல்லல மேடம். சண்டைகூடப் போடல. நீதிபதி பெஞ்சுக்குத் தலை வணங்கிட்டு வெளிய போயிட்டா. கொஞ்ச நேரத்துல லாரின்னு சேதி வருது... அழுதுக்கிட்டே ரோட்டைத் தாண்டியிருப்பான்னு நாங்க எல்லாரும்... அதான் உங்க முகத்துல முழிக்கவே பிடிக்கல."

துக்கத்துக்கு வந்த பிள்ளைகள் ஏன் தள்ளியே நின்றார்கள், ஏன் ஒருவர்கூடக் கையைப் பிடித்து ஆறுதல் சொல்லவில்லை என்பது அப்போதுதான் அவருக்கு விளங்கியது. அந்தக் கிரீச் சத்தமும் நினைவுக்கு வந்தது. அன்று அவர் காதிலும் விழுந்திருந்தது. ஜன்னல் என்று நினைத்திருந்தார்.

"கூப்பிட்டது எத்தனை மணிக்கு?" என்று கேட்டார்.

"பதினொண்ணு மேடம்."

"லாரி மோதினது ஒன்பதரைக்கு. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோறதுக்கு முன்னாடியே உயிர் போயிடுச்சு."

அந்தப் பெண் சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

"இல்ல மேடம்... நாங்க முப்பது பேர் பார்த்தோம்."

முப்பது பேர் பார்த்திருக்கிறார்கள். பெற்றவள் கண்ணுக்கு மட்டும் தெரியவில்லை. உயிர் போன பிறகும், அம்மா திட்டுவாளே என்று அரக்கப் பரக்க ஓடி வந்திருக்கிறது பிள்ளை. அவளைப் பார்த்துத்தான் இவர் அடுத்த கேஸ் என்றிருக்கிறார். இதைச் சொல்லும்போது அவர் வாய்விட்டு அழுதார். நானும் அழுதேன், அதில் எனக்கு வெட்கமில்லை.

மறுநாள் மதியம் மறுபடி அங்கே போனார். பயம் இல்லாமல் இல்லை. ஸ்டாண்டை உயர்த்தி வைத்தார். கறுப்பு அங்கியைப் போட்டுக்கொண்டு நீதிபதி நாற்காலியில் ஏறி உட்கார்ந்தார். ஆஜராகாததால் முடிந்த வழக்கைத் திரும்ப எடுக்க நீதிபதிக்கு அதிகாரம் உண்டு. வருடா வருடம் அவர் நடத்துகிற பாடம்தான்.

"போன தீர்ப்பு ரத்து. வழக்கு திரும்ப எடுக்கப்படுகிறது" என்றார் வெறும் அறையிடம்.

"மேல்முறையீட்டாளர் தரப்பு!"

மழை.

"மேல்முறையீட்டாளர் தரப்பு..."

ஒன்றுமில்லை.

மூன்றாவது முறை அப்படிக் கூப்பிட அவருக்கு வாய் வரவில்லை.

"அம்மா கூப்பிடறேன்டி..."

கிரீச்...

இரும்பு அவர் கண் முன்னால் இறங்கியது. அந்தப் பழைய உயரத்தில் வந்து நின்றது. அவளை அன்றைக்கும் அவரால் பார்க்க முடியவில்லை.

சாயங்காலம் கட்டடத்து வாசல் கதவைப் பூட்ட வந்த வாட்ச்மேன், மேடம் கன்னத்தில் கை வைத்து எதையோ கேட்டுத் தலையாட்டிக்கொண்டிருப்பதைப் பார்த்தார்.

"மேடம்... நேரமாச்சு. பூட்டிடலாமா? இங்கதான் யாரும் இல்லையே."

அவர் திரும்பாமலே கையை மட்டும் உயர்த்தினார்.

"சத்தம் போடாதீங்கண்ணே. அவ இன்னும் முடிக்கல."