மூன்று சிவப்பு வண்டிகள்

ரயில் நிலையத்தை ஒட்டிய டூ வீலர் ஸ்டாண்டில் ஒரே நிறத்தில் மூன்று வண்டிகள் அடுத்தடுத்து நின்றால், அவற்றில் ஒன்று மாயமாக மறைந்துவிடும் என்று ஒரு பேச்சு கிளம்பியது. எதிரே டீக்கடை வைத்திருப்பவர் தன் கண்ணாலேயே பார்த்ததாகச் சொன்னார். என்ன பார்த்தீர்கள் என்று கேட்டால், காணாமல் போனதைப் பார்த்தாராம். காணாமல் போனதை எப்படிப் பார்க்க முடியும் என்று மேற்கொண்டு கேட்டால், டீ ஆறுகிறது, குடியுங்கள் என்றார்.

இந்தப் பேச்சு மெய்யா பொய்யா என்று விசாரிக்க ஸ்டாண்டுக்குப் போனால் மட்டும் போதாது. ஸ்டாண்டைப் பார்த்துக்கொள்பவரின் வீட்டுக்குப் போக வேண்டும். அங்கே ஒரு டிவி, அதற்கு முன்னால் ஒரு சோபா, சோபாவின் இந்த முனையில் அவர், அந்த முனையில் அவருடைய மாமியார். விஷயம் அங்கே ஆரம்பிக்கிறது.

அவரை எல்லோரும் டோக்கன் என்றுதான் கூப்பிடுவார்கள். சீட்டை இரண்டாகக் கிழித்து ஒரு பாதியை வண்டியின் ஹேண்டிலில் ரப்பர் பேண்டு போட்டு மாட்டுவார், மறு பாதியை வண்டிக்காரர் கையில் கொடுப்பார். திரும்பி வருபவர் நீட்டும் பாதியிலும் வண்டியில் தொங்கும் பாதியிலும் ஒரே எண் இருந்தால் வண்டி வெளியே போகலாம். இதில் என்ன பெரிய வித்தை என்று கேட்பவர்கள், சாயங்கால ரயில் வந்து நிற்கும்போது அங்கே நின்று பார்த்ததில்லை. ஊரே வீட்டுக்குப் போகத் துடிக்கும் அந்த நேரத்தில், சீக்கிரம் வருபவரின் வண்டி முன்னாலும் கடைசி ரயிலில் வருபவரின் வண்டி சுவரோரமும் இருந்தாக வேண்டும். யார் எப்போது திரும்புவார் என்பது டோக்கனுக்கு மனப்பாடம். வங்கிக்காரர் முதல் வரிசை. நர்ஸ் சுவரோரம். காதலிப்பவர்களுக்கு மட்டும் வரிசை கிடையாது. அவர்கள் எப்போது திரும்புவார்கள் என்பது அவர்களுக்கே தெரியாது.

மத்தியான நேரத்தில் ஸ்டாண்டில் ஈ ஓட்டுவதைத் தவிர வேலை இல்லை. அப்போது காவலுக்கு ஒருவரை உட்கார வைத்துவிட்டு வீட்டுக்கு வந்து சாப்பிட்டு ஒரு குட்டித் தூக்கம் போடுவது அவர் வழக்கம். அந்தத் தூக்கத்தில்தான் மண் விழுந்தது.

மனைவியின் தம்பி வெளிநாட்டு வேலைக்குக் கிளம்பும்போது தன்னுடைய வீடியோ கேம் பெட்டியை அக்கா வீட்டில் விட்டுவிட்டுப் போனான். கூடவே அம்மாவையும் விட்டுவிட்டுப் போனான். இரண்டையும் பத்திரமாகப் பார்த்துக்கொள்ளச் சொன்னான். மாமியார் ஓய்வு பெற்ற டைப்பிஸ்ட். மருமகனிடம் நேராகப் பேசாத கொள்கை உள்ளவர். டோக்கன் ஃபேனுக்கு நேர் கீழே உட்கார்ந்திருந்தாலும், "அவரைக் கொஞ்சம் ஃபேனைக் குறைக்கச் சொல்லு" என்று மகளிடம்தான் சொல்வார். மகள் ஆஸ்பத்திரி லாண்டரியில் வேலைக்குப் போய்விட்டால், வீட்டில் ஃபேன் எந்த வேகத்தில் ஓடுகிறதோ அந்த வேகத்தில் ஓடும்.

ஒருநாள் மத்தியானம் டோக்கன் வந்தபோது மாமியார் டிவிக்கு முன்னால் கண்ட்ரோலரும் கையுமாக உட்கார்ந்திருந்தார். திரையில் மேலிருந்து வண்ண உருண்டைகள் விழுந்துகொண்டிருந்தன. ஒரே நிறத்தில் மூன்று சேர்ந்தால் பட்டென்று மறைந்தன. டோக்கன் பார்த்தும் பார்க்காத மாதிரி நின்றார். மாமியார் திரும்பாமலே, கல்யாணம் ஆன நாளிலிருந்து முதல் தடவையாக, அவரிடம் நேராகப் பேசினார்.

"ரெண்டு பேர் ஆடுறதுன்னு ஒண்ணு இருக்கு போல இருக்கே, மாப்பிள்ளை."

இருவர் ஆடும்போது திரை இரண்டு கிணறுகளாகப் பிரியும். இடது பக்கம் மாமியார், வலது பக்கம் மருமகன். ஒருவர் உருண்டைகளை அடுக்கடுக்காக மறைய வைத்தால், எதிராளியின் கிணற்றில் சாம்பல் கற்கள் வந்து விழும். அந்தக் கல் எந்த நிறத்தோடும் சேராது. பக்கத்தில் ஏதாவது மறைந்தால்தான் உடையும். கிணறு நிரம்பித் தளும்பினால் கதை முடிந்தது. டைப்ரைட்டரில் தேய்ந்த விரல்கள் எப்படி இருக்கும் என்று டோக்கன் அன்றைக்குத்தான் கண்டார். மாமியாரின் முகம் அசையவில்லை, மூச்சுகூட வேகமாக வரவில்லை. இவர் தலையில் மட்டும் லாரியில் கொட்டுவது போலக் கல் கொட்டியது. இத்தனை வருஷம் மகள் மூலம் சொல்லி அனுப்பிய குறைகள் எல்லாம் மொத்தமாக வந்து விழுந்த மாதிரி இருந்தது அவருக்கு.

அன்றிலிருந்து குட்டித் தூக்கம் போயிற்று. நாளடைவில் பெரிய தூக்கமும் போயிற்று. கண்ணை மூடினால் உருண்டை விழுந்தது. துணிக்கொடியில் கிளிப்புகளை நிறம் பார்த்து மாற்றி மாட்டினார். சாப்பாட்டுத் தட்டில் கேரட்டைக் கேரட்டோடும் பட்டாணியைப் பட்டாணியோடும் சேர்த்துவிட்டு, அவை மறையாததைக் கண்டு ஏமாந்தார். உட்கார்ந்தால் கால் ஆடியது, நின்றால் கட்டைவிரல் ஆடியது. மனைவி ஒருநாள் அவர் கையைப் பிடித்துப் பார்த்து, டாக்டரிடம் போகலாமா என்றாள். போகலாம், ஆனால் அங்கே மாத்திரைகள் பல நிறத்தில் இருக்குமே என்று அவருக்குக் கவலை.

ஸ்டாண்டிலும் அது பரவியது. வங்கிக்காரரின் நீல பைக்கைப் பார்த்ததும், சுவரோரம் நின்ற இரண்டு நீல பைக்குகள் அவரைக் கூப்பிட்டன. உருட்டிக்கொண்டு போய்ச் சேர்த்தார். மனசுக்குள் ஒரு சின்ன நிம்மதி. அடுத்தது கறுப்பு. சாயங்காலம் வங்கிக்காரர் தன் வண்டியை எடுக்கப் பத்து வண்டிகளை நகர்த்த வேண்டியிருந்தது. "என்னப்பா டோக்கன், வேலையை மறந்துட்டியா" என்று அவர் கேட்டது இவர் காதில் விழவில்லை. அவர் சட்டை என்ன நிறம் என்று இவர் பார்த்துக்கொண்டிருந்தார்.

அப்படியே ஒருநாள் மத்தியானம், உலகத்தில் நடக்காதது நடந்தது. மாமியாரின் கிணறு கழுத்துவரை கல்லாக நின்றது. டோக்கனின் பக்கத்தில் அடுக்கு தயார். ஒரே ஒரு சிவப்பு விழுந்தால் எல்லாம் வரிசையாக வெடித்து அந்தப் பக்கம் மூடிக்கொள்ளும். அடுத்து வரப்போவது சிவப்புத்தான் என்று ஓரத்துச் சின்னக் கட்டத்தில் தெரிந்தது. அப்போது பார்த்து மாமியார் ஆட்டத்தை நிறுத்திவைத்தார்.

"மணியாச்சு மாப்பிள்ளை. வேலைக்குக் கிளம்புங்க. இது இப்படியே இருக்கட்டும், நான் தொட மாட்டேன்."

டோக்கன் கிளம்பினார். உடம்பு மட்டும்தான் கிளம்பியது. ஒரு சிவப்பு, ஒரே ஒரு சிவப்பு என்று மனசு அரித்துக்கொண்டிருந்தது. ஸ்டாண்டில் மூலைக்கொன்றாக மூன்று சிவப்பு ஸ்கூட்டர்கள் நின்றன, மூன்றும் ஒரே மாடல். அவற்றை அப்படியே விட்டுவைக்கிற நிலையில் அவர் இல்லை. மூன்றையும் வாசலருகே தோளோடு தோளாக நிறுத்திவிட்டுப் பெருமூச்சு விட்டார். சாயங்கால ரயில் வந்தது. பேக்கரிக்காரர் ஒருவர் அரைத் தூக்கத்தில் வந்து பாதிச் சீட்டை நீட்டினார். டோக்கன் அதை வாங்கிப் பையில் போட்டார், ஒரு சிவப்பை எடுத்து விட்டார். எண்ணைப் பார்க்கவில்லை. நிறத்தைப் பார்த்தார், சரியாக இருந்தது. பழைய வண்டிகளின் தேய்ந்த பூட்டுக்கு எந்தச் சாவியும் தன் சாவிதான். வண்டி கிளம்பிப் போயிற்று.

பின்னாலேயே பள்ளிக்கூட டீச்சர் வந்தார். மிச்சம் இருந்த இரண்டு சிவப்பும் அவருடையது இல்லை.

"வண்டி போனாக்கூடப் பரவாயில்லைங்க. டிக்கியில பசங்களோட பரீட்சைப் பேப்பர் இருக்கு. திருத்தி முடிச்சது. நாளைக்குக் குடுக்கணும். தொலைச்சுட்டேன்னு சொன்னா என் வேலையே போயிடும்."

டோக்கனுக்கு அப்போதுதான் பையில் கிடந்த பாதிச் சீட்டின் ஞாபகம் வந்தது. எடுத்துப் பார்த்தார். அதன் மறுபாதி, நின்றுகொண்டிருந்த ஒரு சிவப்பில் சாதுவாகத் தொங்கியது. என்ன செய்துவிட்டோம் என்று புரிந்தது. அதற்குள் கூட்டம் கூடி, ஸ்டாண்டைக் குத்தகைக்கு எடுத்த முதலாளியும் வந்துவிட்டார். எங்கே போச்சு என்று அவர் அதட்டியபோது, நடந்ததை முறையாகச் சொல்லத்தான் டோக்கன் வாயைத் திறந்தார். இத்தனை நாள் தலைக்குள் ஓடிக்கொண்டிருந்தது முந்திக்கொண்டது.

"மூணு சிவப்பு ஒண்ணா சேர்ந்துச்சு முதலாளி. போயிடுச்சு."

டீக்கடைக்காரர் கேட்டது இதைத்தான். பேச்சு பிறந்த இடமும் இதுதான்.

நாளை மத்தியானத்துக்குள் வண்டியும் பேப்பரும் வந்து சேராவிட்டால், ஸ்டாண்டுச் சாவியை வைத்துவிட்டு நடையைக் கட்டலாம் என்றார் முதலாளி. டோக்கனுக்கு வேறு தொழில் தெரியாது. ஊரார் எப்போது வீடு திரும்புவார்கள் என்ற ஞானத்தை வேறு எந்தக் கடையிலும் வாங்க ஆளில்லை. பேக்கரிக்காரரின் முகம் தெரியும், ரயில் தெரியும், வீடு தெரியாது. வீட்டில் மனைவி எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, சத்தம் போடாமல், அதுதான் இன்னும் பயமாக இருந்தது, ஒன்று சொன்னாள்.

"வண்டி கிடைக்குதோ இல்லையோ, இனிமே அந்தக் கண்ட்ரோலரைத் தொட மாட்டேன்னு என் தலையில அடிச்சு சொல்லுங்க."

அடித்துச் சொன்னார். மாமியார் அந்தப் பக்கம் துணி மடித்துக்கொண்டிருந்தார்.

காலையில் ஸ்டாண்டு வாசலில் டோக்கன் நின்ற நிற்பைப் பார்த்து, யாரோ பெரிய மனிதர் வருகிறார் என்று இரண்டு பேர் கூடவே நின்றார்கள். சிவப்பு தெரிந்தபோதெல்லாம் ஓடினார். தபால்காரரின் சைக்கிளைக்கூட விடவில்லை. பேக்கரிக்காரர் வழக்கமாகப் பிடிக்கும் ரயில் வந்தது, போயிற்று, ஆளைக் காணோம். இனி நடையைக் கட்ட வேண்டியதுதான் என்று நினைத்த நேரத்தில் அவர் சாவகாசமாக வந்து இறங்கினார். முகத்தில் அப்படி ஒரு மலர்ச்சி.

"என்ன டோக்கன், என் வண்டிக்கு என்ன வந்துச்சுன்னே தெரியல! பிரேக் கப்புன்னு பிடிக்குது. பெட்ரோல் தீரவே மாட்டேங்குது. ஓட்டுற சுகத்துல ஒரு சுத்து சுத்திட்டு வந்தேன், ரயிலே போயிடுச்சு."

தன் மனைவி சர்வீஸுக்கு விட்டிருப்பாள் என்று பேக்கரிக்காரர் நினைத்தாராம். இவர்தான் விட்டார் என்று அவள் நினைத்தாளாம். ஒருவரை ஒருவர் பாராட்டி, வீட்டில் வெகுநாளைக்குப் பிறகு ஒரு நல்ல சாயங்காலம் கழிந்ததாம். அது உங்கள் வண்டி இல்லை என்று டோக்கன் சொன்னபோது, அவர் முகம் வாடியதைப் பார்க்கப் பாவமாக இருந்தது.

டீச்சர் பஸ்ஸில் வந்து இறங்கினார். டிக்கியைத் திறந்து பேப்பர் கட்டைத் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் மூச்சே விட்டார். டோக்கன் மறைக்கவில்லை. நிறத்தைப் பார்த்தேன், எண்ணைப் பார்க்கவில்லை, தப்பு என்னுடையது என்றார். மூன்று சேர்ந்தால் மறையும் என்ற கதை நேற்று ராத்திரியே தன் வகுப்புப் பசங்கள் காதுக்குப் போய்விட்டதாகவும், பேப்பரும் மறைந்திருக்கும் என்று பாதிப் பேர் கும்பிட்டுக்கொண்டிருப்பதாகவும் சொல்லிவிட்டு டீச்சர் வண்டியை எடுத்தார்.

முதலாளி வேலையை விட்டுவைத்தார். ஒரு நிபந்தனை: இனி ஒரே நிறத்தில் மூன்று வண்டிகள் அடுத்தடுத்து நிற்கக் கூடாது. உங்களுக்குமா நம்பிக்கை என்று யாராவது கேட்டால், நம்பிக்கை எல்லாம் இல்லை, எதற்கு வம்பு என்பார். ஆகவே அந்தப் பேச்சு பொய். ஆனால் போய்ப் பாருங்கள், அங்கே மூன்று சிவப்பு சேர்ந்து நிற்பதை யாரும் பார்க்க முடியாது.

வரிசை பழையபடி ஆகிவிட்டது. வங்கிக்காரர் முன்னால், நர்ஸ் சுவரோரம். டோக்கனின் கட்டைவிரல் மட்டும் இன்னும் நிற்கவில்லை. காரணம், வீட்டில் அந்தப் பெட்டியை மாமியார் அணைக்க விடவில்லை. கரண்டு வீணாகிறது என்று மகள் கத்தினாலும், பாதி ஆட்டத்தை அணைப்பது முறையல்ல என்கிறார். டிவியைத் துடைக்கும்போதும் திரையில் இருக்கும் உருண்டை உதிர்ந்துவிடுமோ என்பது போல் ஓரம் ஓரமாகத் துடைக்கிறார். இடது கிணறு கழுத்துவரை கல். ஓரத்துக் கட்டத்தில் அந்தச் சிவப்பு.

மத்தியானம் டோக்கன் சாப்பிட்டுவிட்டுச் சோபாவின் முனையில் உட்கார்ந்து, கைகளைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொள்கிறார். மகள் வீட்டில் இல்லை என்று உறுதி செய்துகொண்டு மாமியார் ஆரம்பிக்கிறார்.

"நான் உங்களுக்கு ஒரு தோல்வி பாக்கி, மாப்பிள்ளை. எப்ப வாங்கிக்கப் போறீங்க?"

"ஃபேனைக் கொஞ்சம் குறைங்க அத்தை" என்கிறார் டோக்கன்.