காத்தோட கண்ணு

ஊதுபத்தியைக் கொளுத்தி, சுவரில் ஜன்னலுக்காக விட்டிருக்கும் இடைவெளிக்கு நேரே பிடித்துக்கொண்டு நிற்கிறார் முதாசிர் பாய். புகை எந்தப் பக்கம் சாய்கிறது என்று பார்க்காமல் டேப்பைத் தொடமாட்டார். "காத்து எப்டி வருதுன்னு தெரியாம ஜன்னல் வச்சா வூடு அவிஞ்சிடும் சார்." அப்புறம்தான் அளவு, அலுமினியம், கண்ணாடி எல்லாம்.

தாம்பரம் கேம்ப் ரோட்டில் அவருடைய பட்டறை. நாவலூர் அடுக்குமாடிகளிலிருந்துகூடத் தேடி வருகிறார்கள். வயது ஐம்பது. சட்டைப் பையில் எப்போதும் கமர்கட். கண்ணாடி வெட்டும்போது மட்டும் பேச்சு நிற்கும், மற்ற நேரம் வாய் ஓயாது. அந்த வாயைத்தான் எனக்குப் பிடிக்காது. பொறாமைதான், ஒளிப்பானேன்?

இருபத்திரண்டு வருடமாக ஆங்கில வாத்தியார் நான். என் மகள் சின்மயி எட்டாவது படிக்கிறாள். ஒரு வார்த்தை தெரியாவிட்டால் என்னிடம்தான் வருவாள். வீட்டில் எனக்கிருக்கும் ஒரே மரியாதை அது. இந்த இரண்டாயிரத்து ஆறில்தான் மாடியில் ஓர் அறை கட்டினோம். பாய் வந்தார், அதற்கும் ஆபத்து வந்தது.

"விண்டோன்னா இன்னா தெரியுமா பாப்பா? காத்தோட கண்ணு! துபாய் கப்பல் பட்டறையில நமக்கு மேல ஒரு நார்வேக்காரரு இருந்தாரு, அவரு சொன்னது. அந்தக் குளிரு நாட்டுல அப்போ கண்ணாடி ஏது? காத்து வர வூட்டுல ஒரு ஓட்டை. அதுக்கு அவங்க வச்ச பேரு. இங்கிலீஷ்காரன் அவங்ககிட்ட வாங்கிக்கினான். நம்ம ஜன்னல் மட்டும் இன்னாவாம்? போர்ச்சுகீஸ்காரன் குடுத்துட்டுப் போனதுதான்."

சின்மயி வாயைப் பிளந்துகொண்டு கேட்டாள். நான் சொல்லி அவள் அப்படிக் கேட்டு எத்தனை நாளாயிற்று! "சும்மா கதை விடாதீங்க பாய். அது பிரெஞ்சு வார்த்தை" என்றேன். அந்தப் பொய் எங்கிருந்து வந்ததென்று எனக்கே தெரியாது.

"அப்பா இங்கிலீஷ் டீச்சர், அங்கிள். அவர் சொன்னா கரெக்டாத்தான் இருக்கும்" என்றாள் சின்மயி. பாயின் முகம் கொஞ்சம்கூடச் சுண்டவில்லை. "அப்போ சார் சொல்றதுதான்" என்று டேப்பை விரித்தார்.

மறுநாள் பள்ளி நூலகத்தில் பெரிய அகராதியைப் புரட்டினேன். காற்று, கண், வடக்கே நார்வேப் பக்கத்துப் பழைய மொழி. அத்தனையும் அவர் சொன்னபடியே இருந்தது. இத்தனை வருடம் இதைத் தெரியாமலேயே பாடம் எடுத்திருக்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை ஜன்னல் மாட்ட வந்தார். இன்று உண்மையைச் சொல்லிவிட வேண்டும் என்று காபியோடு மாடி ஏறினேன். சின்மயி ஸ்க்ரூ எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

"வாங்க சார், உங்களத்தான் நெனச்சுக்கினு இருந்தேன். எம் பொண்ணு ஆஃபியா நாளைக்கு ஸ்கூல்ல பேசறதுக்குன்னு இத எழுதி வச்சிருந்தேன். நல்லவேளை நீங்க சொன்னீங்க. நாலு பேரு முன்னாடி புள்ளைக்கு பேஜாராப் பூட்டிருக்கும்."

அளவு நோட்டைப் பிரித்துக் காட்டினார். குண்டு குண்டான எழுத்தில் 'விண்டோ, காத்தோட கண்ணு.'

சின்மயி என்னைப் பெருமையாகப் பார்த்தாள். வாயைத் திறந்தேன். "காபி ஆறிடும் பாய்" என்றுதான் வந்தது.

பாய் காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்தார். அந்த வரியின் மேல் இரும்பு ஸ்கேலை வைத்து, கண்ணாடிக்கு அளவு போடும் அதே நிதானத்தில், நேராக ஒரு கோடு இழுத்தார்.