நாலாவது ஓரம்

குழந்தைப் போர்வைக்கு ஓரம் கட்டுவதில் எனக்குப் பிடிவாதம் அதிகம். ஓரத்தில் வைக்கும் பட்டித் துணியை நேராக வெட்டினால் மூலையில் முண்டிக்கொண்டு நிற்கும். சாய்வாக வெட்டினால்தான் சொன்ன பேச்சைக் கேட்கும். சாயம் போகிற துணியைத் தொடவே மாட்டேன். கையால் ஹெம்மிங் போட்டு முடிக்கும்போது முடிச்சு இரண்டு துணிக்கும் நடுவே போய்விட வேண்டும். பச்சைக் குழந்தை உடம்பில் குத்திவிட்டால் யார் பதில் சொல்வது?

தங்கை முழுகாமல் இருந்தபோது, என்னுடைய பழைய சுங்குடிப் புடவைகளை வெட்டி ஒரு போர்வை தைத்தேன். மூன்று ஓரம் முடித்து நாலாவதை அப்படியே விட்டேன். பிள்ளை பிறக்குமுன் அதற்கென்று எதையும் முழுசாகச் செய்து வைக்கக்கூடாது என்பது எங்கள் வீட்டு வழக்கம். வேளச்சேரியிலிருந்து என்னைப் பார்க்க மயிலாப்பூர் வரும்போதெல்லாம் அவள் அதை எடுத்து மடியில் வைத்துக்கொள்வாள்.

"அதையும் தைச்சிட்டா என்னக்கா? உன் சோம்பேறித்தனத்துக்கு சாமி மேல பழி."

"வாயை மூடிக்கிட்டு சாப்பிடு. பொறந்ததும் ஆஸ்பத்திரியிலயே உக்காந்து தைச்சுத் தர்றேன்."

ஒன்பதாம் மாதம் வயிற்றில் அசைவு நின்றுவிட்டது. குழந்தை உயிரோடு இல்லை என்று டாக்டர் சொன்னார். அவர் சொன்னது தப்பாக இருக்கும் என்ற நப்பாசையில், போர்வையையும் ஊசிநூலையும் பையில் போட்டுக்கொண்டு அடையாறு ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். பெண் குழந்தை. தலை நிறைய முடி. அழவில்லை.

ஆயாம்மா வந்து, "கொயந்தைய சுத்தி எடுத்துக்கினு போவணும். நல்ல துணி எதுனா வெச்சிருக்கியாம்மா?" என்றார். எனக்கு யார் மேல் என்று தெரியாத கோபம். கடையில் வெள்ளைத் துணி வாங்கி வரச் சொல்கிறேன் என்று சிடுசிடுத்துவிட்டு, போர்வையைப் பைக்குள் இன்னும் கீழே தள்ளினேன். குழந்தையைப் பக்கத்தில் போட்டுக்கொண்டு படுத்திருந்த தங்கை பார்த்துவிட்டாள்.

"அதை எடு அக்கா."

"அது இன்னும் முடியலடி."

"பொறந்தாச்சு இல்ல? தைச்சுக் குடு."

கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தேன். கண்ணீர் மறைத்ததில் ஊசியில் நூல் ஏறவில்லை. அவளே வாங்கிக் கோத்துக் கொடுத்தாள். அவள் கணவர் சுவரைப் பார்த்து நின்றுகொண்டிருந்தார். ஆயாம்மா அவசரப்படுத்தவில்லை.

நாலாவது ஓரத்தை முடித்து நூலை அறுத்தேன். தங்கை கையை நீட்டி, தையல் முடிந்த இடத்தை விரலால் தடவினாள்.

"குத்தாது இல்ல, அக்கா?"

"குத்தாதும்மா. முடிச்சை உள்ளதான் வெச்சிருக்கேன்."