ஆச்சரியக்குறியை எடுத்த சங்கமித்ரா

கோரமண்டல் ஸ்டேஷனில் காலை பெங்களூர் வண்டி ஏறுகிற கூட்டத்தில், ஓர் ஆச்சரியக்குறியோடு ஜென்மப் பகை கொண்டவள் ஒருத்தி இருந்தாள் என்றால் அது சங்கமித்ராதான். பெங்களூரில் டேட்டாபேஸ் தயாரிக்கும் கம்பெனியில் வேலை. அந்த டேட்டாபேஸிடம் கேள்வி கேட்க ஒரு மொழி உண்டு. அதில் எட்டு என்று எழுதிப் பின்னால் ஓர் ஆச்சரியக்குறி போட்டால், ஒன்றிலிருந்து எட்டு வரை பெருக்கி விடை தரும். எந்தக் காலத்திலோ யாரோ ஆசைப்பட்டு வைத்தது. அது எண்ணுக்குப் பின்னால் போய் நிற்பதால், அடுத்து வரும் சொல் அதே கணக்கைச் சேர்ந்ததா, விடைக்கு வைத்த பெயரா என்று மொழிக்கே குழப்பம். அந்தக் குழப்பத்துக்குப் பயந்து, 'நாள்', 'ஊர்' என்று நேராக ஒரு பெயர் வைக்கக்கூட வாடிக்கையாளர்களை விடுவதில்லை.

"பேக்டோரியல்னு பேர் சொல்லிக் கேட்டா அதே பெருக்கல் வருது. பின்ன இது எதுக்கு சார்?" என்று ஒரு வருடம் டீம் லீடர் ரவிகுமாரின் உயிரை வாங்கினாள். கடைசியில் அவர் இறங்கி வந்தார். எடுத்துவிட்டு ஒரு வாரம் சோதனைக்கு விடலாம். நிஜமான ஆள் ஒருவர் குறை சொன்னாலும் திரும்ப வைத்துவிட வேண்டும். அப்புறம் அந்தப் பேச்சையே எடுக்கக் கூடாது.

கடைசி நாள் கூட்டத்தை அவள் வீட்டிலிருந்தபடியே லேப்டாப்பில் பார்த்தாள். அதுவரை ஒரு குறையும் இல்லை. அவளுக்குக் கால் தரையில் நிற்கவில்லை.

"ஒண்ணு வந்திருக்கு," என்றார் ரவிகுமார். "நேத்து சாயந்திரம்தான் இலவசமா உபயோகிக்கிறவங்களுக்கும் மாத்தினோம். காலையில வந்துருச்சு." திரையில் போட்டார்.

'மாரிகுப்பம் வண்டியில் எட்டுப் பேருக்கான சீட்டு விவரம் இன்று வரவில்லை. ஆவன செய்யுமாறு பணிவன்புடன் கேட்டுக்கொள்கிறேன். இப்படிக்கு, வினோலியா.'

பெயரைப் பார்த்ததும் சங்கமித்ராவுக்குச் சிரிப்புப் பொத்துக்கொண்டு வந்தது. வினோலியா அவளோடு தினமும் மாரிகுப்பத்திலிருந்து கிளம்பும் அதே வண்டியில் வருகிறவள். எட்டுப் பேர் ஜன்னலுக்கு அடித்துக்கொள்வதைப் பொறுக்காமல் சங்கமித்ராதான் கம்பெனியின் இலவச டேட்டாபேஸில் ஒரு கணக்கு எழுதிக் கொடுத்திருந்தாள். எட்டுப் பேர் எத்தனை விதமாக உட்காரலாமோ அத்தனையும், நாளுக்கு ஒன்றாக, காலையில் எல்லோர் போனிலும், அடியில் கம்பெனி முகவரியோடு வரும். பகை தொடங்குவதற்கு முன் எழுதியது; மொத்தம் எத்தனை விதம் என்று எண்ண அதற்குள் அந்த ஆச்சரியக்குறி இருந்தது. ஊரிலுள்ள வாடிக்கையாளர்களிடமெல்லாம் அந்தக் குறியைச் சலித்துத் தேடியவள், சொந்தக் கணக்கைப் பார்க்கவில்லை.

"நான் இப்பவே சரி பண்ணிடறேன் சார். ஒரே வரி."

"அது போதாது. அந்தம்மா வாயால சரின்னு சொல்லணும்."

வினோலியா ஆஸ்பத்திரி ரிசப்ஷனில் இருந்தாள். போனை எல்லோரும் கேட்கும்படி லேப்டாப் பக்கத்தில் வைத்தாள் சங்கமித்ரா. "அக்கா, சீட்டு வரலைன்னு ரொம்பக் கஷ்டமாப் போச்சா?"

"கஷ்டமா? இன்னிக்குத்தான் நிம்மதியா வந்தேன். ஜன்னல்ல உக்காந்தேன்."

"பின்ன இன்னாத்துக்குக் கம்ப்ளெய்ன்ட்?"

"ஒண்ணு நின்னுபோச்சுன்னா ஒடனே எழுதிக் குடுத்துடணும் மித்ரா. இல்லேன்னா அப்பாலே எவனும் காதுல போட்டுக்க மாட்டான்."

தங்கச் சுரங்கம் மூடி வேலை போன நாளிலிருந்து மனு எழுதியே பழகிப்போன ஊர். கஷ்டம் இருக்கிறதோ இல்லையோ, கை தானாக எழுதிவிடும்.

ரவிகுமார் குறுக்கிட்டார். "மத்த நாள் ஜன்னல்ல யாரும்மா?"

"மித்ராதான் சார். ஆரம்பிச்சு ஒன்ற வருஷம் ஆச்சு, அன்னிலேர்ந்து அவதான். பக்கத்துல நானு. எதிர்ல கீற நாலு பேர்தான் டெய்லி மாறினு கீறாங்க. கம்ப்யூட்டரே சொல்றப்போ நாம இன்னா பேசறது?"

சங்கமித்ராவுக்குச் சுரீரென்று உறைத்தது. பட்டியலில் தன் பெயரை முதலில், ஜன்னலுக்கு நேராக எழுதியிருந்தாள். முதல் பெயரை அசைக்காமல், மற்ற ஏழு பேரையும் எல்லா விதத்திலும் மாற்றி முடித்த பிறகுதான் கணக்கு அவள் இடத்தை மாற்றும்.

ரவிகுமார் அதற்குள் பெருக்கிப் பார்த்துவிட்டார். "உங்க சீட்டு மாற இன்னும் பன்னெண்டு வருஷத்துக்கு மேல ஆகும்."

கம்பெனியே விழுந்து விழுந்து சிரித்தது. அவளுக்கு முகமெல்லாம் சூடேறியது. "சத்தியமாத் தெரியாதுக்கா. ஏறினதும் தூங்கிடறேன்."

"ஜன்னல் கெடைச்சா யாருக்குத்தான் தூக்கம் வராது. சார், கம்ப்ளெய்ன்ட்ட வாபஸ் வாங்கிக்கிறேன். ஆனா அந்தச் சீட்டுக் கணக்கு திரும்ப ஓடக் கூடாது."

எட்டுப் பேரையும் சண்டையில்லாமல் உட்கார வைத்துவிட்டோம் என்று அவள் பெருமைப்பட்ட கணக்கு. ஒரு நிமிடம் மனசு வரவில்லை. பிறகு அழித்தாள். ஆச்சரியக்குறியும் ஒழிந்தது. கேமரா ஓடுவதை மறந்து நாற்காலியைச் சுற்றி ஓர் ஆட்டம் போட்டாள்.

மறுநாள் கோரமண்டலில் ஏறியபோது, அந்த எட்டுப் பேரில் வேலுவுக்கும் ஸ்வீட்டிக்கும் நடுவில்தான் இடம் இருந்தது. இடுங்கி உட்கார்ந்தபடி, ஆச்சரியக்குறி ஒழிந்த கதையை எல்லோருக்கும் சொன்னாள். யாருக்கும் பாதி புரியவில்லை.

மாரிகுப்பத்திலேயே ஏறி ஜன்னலைப் பிடித்திருந்த வினோலியா, வெளியே பார்த்தபடியே கேட்டாள். "அதெல்லாம் சரி. அது போனதால யாருக்கு இன்னா லாபம்?"

"உங்களுக்கு ஜன்னல் சீட்டுக்கா," என்றாள் சங்கமித்ரா.