பிரதமரை அகதியாக்கப் பார்த்த பத்திநாதர்

பத்திநாதர் அண்ணைக்குக் காலை வணக்கம் சொன்னாலும் "ஏன், என்ன விசயம்?" என்றுதான் கேட்பார். வீடு லவாலில். மொன்றியலில் இருபத்திரண்டு வருடமாக வாடகைக் கார் ஓட்டுகிறார். அதே கம்பனியில் ஓட்டங்களைப் பிரித்துக் கொடுப்பது என் வேலை. அவருடைய சந்தேகங்களைக் கேட்டுக் கேட்டு எனக்குக் காது புளித்துவிட்டது.

போன ஒக்டோபரில் ஒரு சின்ன முடியரசின் பிரதமரை விமான நிலையத்தில் ஏற்றி மாநாட்டு மண்டபத்தில் இறக்கும் ஓட்டத்தை அவரிடம் கொடுத்தேன். ஆளை ஏற்றியதுமே போன் வந்தது.

"தங்கச்சி, இந்தாள் பிரதமர் இல்லை. பெட்டியைத் தானே இழுத்துக்கொண்டு வருது. ஒரு பொலிசும் இல்லை. முன் சீற்றில வேற ஏறி இருக்குது."

"அண்ணை, அவையின்ர நாடு சின்னன். பேசாமல் ஓடுங்கோ."

அவருக்குத் தெரிந்த நாட்டில் மந்திரியின் மச்சான் போனாலே றோட்டைப் பூட்டுவார்கள். அதனால் வழியெல்லாம் அந்த மனிதரைக் குடைந்திருக்கிறார். ராசாவுக்கு என்ன வேலை? பிரதமர் சொல்வதைக் கேட்டுக் கையெழுத்து வைப்பாராம். பிரதமரை யார் நீக்குவது? பாராளுமன்றத்தில் பெரும்பான்மை போனால் அவரே விலகிவிட வேண்டுமாம். அதைக் கேட்டதும் ஆள் கள்ளன்தான் என்று அண்ணை முடிவுகட்டிவிட்டார்.

பாதி வழியில் அந்த மனிதருக்கு ஓர் அழைப்பு. கதைத்து முடித்துவிட்டுப் போனைச் சட்டைப்பைக்குள் வைத்தாராம். கூட்டணிக் கட்சி காலை வாரிவிட்டது, நம்பிக்கையில்லாத் தீர்மானத்தில் ஒரு வாக்கால் தோற்றுவிட்டேன், விமான நிலையத்துக்கே திருப்புங்கள் என்றாராம்.

அதுவரை நம்பாத பத்திநாதர், பதவி போன கணமே அவரைப் பிரதமர் என்று நம்பிவிட்டார்!

காரைத் திருப்பினார். ஆனால் போய் நின்றது நகரத்துக்குள்ளே நோத்ர-டாம்-த-கிராஸ் பகுதியில், முன்பு தன் அகதி வழக்கைப் பார்த்த வக்கீலின் வாசலில். திரும்பிப் போனால் கொல்லுவார்கள், இறங்குங்கள், வக்கீல் நல்ல மனிதர் என்று கெஞ்சியிருக்கிறார். அந்த மனிதர் சிரித்துவிட்டார். எதிர்க்கட்சித் தலைவர்தான் இனிப் பிரதமர், தான் எதிர்ப்பக்கத்துக் கதிரையில் இருக்கப்போகிறேன், அவ்வளவுதான் என்றாராம். விடாவிட்டால் டாக்சி பிடிப்பேன் என்ற பிறகே கார் நகர்ந்தது. ஊர் போய்ச் சேர்ந்ததும் போனில் கூப்பிடுவதாகச் சத்தியம் வாங்கிக்கொண்டுதான் அண்ணை அவரை விமான நிலையத்தில் இறக்கிவிட்டார்.

அடுத்த நாள் ஒரு ஓட்டமும் எடுக்கவில்லை. கந்தோரில் என் மேசைக்கு முன்னால் போனைப் பார்த்துக்கொண்டே இருந்தார். எனக்கு எரிச்சல். மத்தியானம் தாண்டியதும் எனக்கும் பயம் பிடித்துக்கொண்டது. மூன்று மணிக்கு அழைப்பு வந்தது. அண்ணை நலம் விசாரிக்கவில்லை. பக்கத்தில் யாராவது நின்று மிரட்டிச் சொல்ல வைக்கிறார்களா, அப்படியென்றால் ஒருமுறை இருமுங்கள் என்றார்.

அவர் இருமவில்லை. விமான நிலையத்துக்கு வந்து கூட்டிப்போனதே புதுப் பிரதமர்தானாம். அவர் வீட்டில்தான் இப்போது சாப்பாடாம்.

போனை வைத்த அண்ணை முகத்தைப் பொத்திக்கொண்டு அழத் தொடங்கினார். நான் பதறிப்போய் எழும்பினேன்.

"என்ர தமையனையும் வெண்டவங்கள்தான் வந்து கூட்டிக்கொண்டு போனவங்கள், தங்கச்சி. ஊர்ச்சபை எலெக்சன். தோத்த அண்டைக்கே. இன்னும் வரேல்லை."