சம்பா வத்தல் விழுந்த அசனம்

தாவீதுராஜ் குடித்துவிட்டுக் குழம்பு வைத்தார் என்று சொன்னவன் நாக்கு அழுகிப்போகும். திருச்சுழிப் பக்கத்தில் எங்கள் ஊர்க் கிறிஸ்தவக் கோயில். வருஷத்துக்கு ஒருமுறை சபையார் எல்லாரும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடும் அசனத்துக்குக் கரண்டி பிடித்தவர் அவர். கூலி வாங்கியதில்லை. மற்ற நாளெல்லாம் அடுத்தவன் காட்டில் உழுத மனுஷனுக்கு அந்த ஒரு நாள்தான் பெருமை.

அசனக் குழம்பை ஜெபம் முடியும் முன்னே யாரும் நாக்கில் வைக்கக் கூடாது, சமைப்பவர் உட்பட. அதனால் தாவீதுராஜ் கைக்கணக்கில்தான் மசாலா போடுவார். அந்தக் கணக்கு குண்டு மிளகாய் வத்தலுக்கானது. நிறம் கொடுக்கும், காரம் அடக்கமாக இருக்கும், பிள்ளைகளும் சாப்பிடலாம்.

வத்தல் கொடுப்பது சுவாமிதாஸ் வீட்டு உரிமை. நிலபுலம் உள்ள பெரிய சம்சாரி, சபைக் கமிட்டியில் முதல் ஆள். அவர் மனைவி இன்பராணி அரைத்து உருண்டையாக அனுப்புவாள். யுத்தம் தொடங்கி இரண்டாம் வருஷம் குண்டு வத்தல் விலை ஏறியது. மனுஷன் அசனத்துக்கென்று நேர்ந்து வைத்த மூட்டையை வீரசோழன் சந்தை வியாபாரிக்குத் தள்ளிவிட்டு, சுள்ளென்று ஏறும் சம்பா வத்தலை மனைவி முன்னால் கொட்டினார். தாவீதுராஜிடம் சொல்லிவிட்டேன் என்று அவளிடம் ஒரு பொய். அவரிடமோ மூச்சு விடவில்லை.

மணத்தில் தெரியாதா என்று இன்றும் சில மேதாவிகள் கேட்கிறார்கள். கறியும் பட்டையும் விறகுப் புகையும் ஒன்றாய்க் கிளம்பும் அண்டாப் பக்கம் நீங்கள் வந்து மோந்து பாருங்களேன், தெரியும்.

முதல் பந்தியிலேயே பிள்ளைகள் அலறின. பெரியவர்களே பாதியில் இலையை மூடினார்கள். சுவாமிதாஸ் எழுந்து, வத்தல் வழக்கமான வத்தல்தான், போட்ட கைதான் நிதானத்தில் இல்லை என்றார். கூசாமல் சொன்னார். கூட்டமும் நம்பியது. இனி இந்த ஆள் அண்டாப் பக்கமே வரக் கூடாது என்றார்கள்.

பெண்கள் பந்தியிலிருந்து இன்பராணி எழுந்து வந்தாள். இரண்டு உள்ளங்கையும் சிவந்து வீங்கி, விளக்கெண்ணெய் பூசியிருந்தது. போதகர் முன்னால் கையை நீட்டினாள்.

"அவுக நிதானமாத்தான் இருந்தாக, ஐயா. இது சம்பா வத்தலு. அரைச்சவ நான் சொல்றேன்."

போதகர் தொண்டையைச் செருமினார். நடந்தது நடந்துவிட்டது, இருவரும் கைகொடுத்துச் சமாதானமாகுங்கள் என்றார். சுவாமிதாஸ் பெரிய தயாளன் மாதிரி கையை நீட்டினார்.

"என் கை எதுக்கு, அண்ணாச்சி?" என்றார் தாவீதுராஜ். "வெந்து கெடக்கே, அந்தக் கையப் பிடிச்சு மன்னிப்புக் கேளுங்க."

பொம்பளையிடமா என்று சுவாமிதாஸ் சிரித்தார். கமிட்டியும் சேர்ந்து சிரித்தது. எனக்கு அந்தச் சிரிப்பை நினைத்தால் இன்றும் வயிறு எரிகிறது.

தாவீதுராஜ் கரண்டியைப் போதகரிடம் கொடுத்துவிட்டு வெளியேறினார். அடுத்தடுத்த வருஷங்களில் சமைக்க வரச் சொல்லிக் கமிட்டி அவர் வீட்டு வாசலில் போய் நின்றது. அந்த அம்மாவிடம் மன்னிப்புக் கேட்டாயிற்றா என்று மட்டும் கேட்பார். இல்லை என்றதும் மாட்டை அவிழ்த்துக்கொண்டு காட்டுக்குப் போய்விடுவார். சாகிற வரைக்கும் அப்படியே போனார்.