தகரத்தின் இன்னொரு குரல்

தண்ணீர் விநியோக அலுவலகத்தின் புகார்ப் பிரிவில் எனக்கு எதிர் மேசை என் சக ஊழியர் ஒருவருடையது. அவருக்குக் குரல் மிக மெல்லியது. தொலைபேசியில் பேசியவர்கள் எல்லோரும் அவரைப் பெண் என்றே எண்ணினார்கள். "அக்கா, எங்க தெருவுல தண்ணி வரலக்கா" என்பார்கள். முதலில் ஆண் என்று திருத்திப் பார்த்தார். பிறகு அலுத்துப்போய், "சொல்லுங்கம்மா" என்று விட்டுவிட்டார்.

மாலையில் அவருக்குத் தகரம் என்று பெயர். டயர் கிடங்கு ஒன்றின் பின்னறையில் ஒரு ராக் குழு பயிற்சி செய்துவந்தது. அங்கே தொண்டையை நெரித்து, தகரத்தைத் தரையில் இழுப்பதுபோலப் பாடுவார். பேசுவதும் அதே கட்டைக் குரலில்தான். வேலை எங்கே என்று குழுவில் கேட்டால், புகார்ப் பிரிவு என்று சொல்லாமல், பம்பு ஹவுஸில் என்பார்.

குழுவில் டிரம்ஸ் வாசித்த பெண்ணுக்கு லேத் பட்டறையில் வேலை. சுழலும் இயந்திரத்தில் சிக்கக் கூடாதென்று முடியை ஒட்ட வெட்டியிருப்பாள். ஒரு கல்லூரி விழாவில் மேடை போட்டவர் பின்னாலிருந்து அவள் தோளைத் தட்டி, "தம்பி, அந்த ஸ்பீக்கரை இப்படித் தூக்கி வை" என்றார். அவள் திரும்பியதும் அசடு வழிந்தார். குழு விழுந்து விழுந்து சிரித்தது.

"மச்சான், இது பாட்டுடா" என்றான் கிட்டார் வாசித்த எலக்ட்ரீஷியன்.

தகரம் எழுதினார். 'பின்னால பார்த்தா தம்பி, முன்னால பார்த்தா தங்கச்சி, எந்தப் பக்கம் வணக்கம் சொல்ல?'

"என்னை விட்டா உங்களுக்கு ஆளே கிடைக்கலையாண்ணே?" என்று அவளும் சிரித்தாள். அவள் சிரித்ததால் இன்னும் இரண்டு சரணம் சேர்த்தார்.

அடுத்த வாரம் அலுவலகத்தில் அவருடைய தொலைபேசி அடித்தது. இந்தப் பக்கத்துப் பேச்சை மட்டுமே நான் கேட்டேன். அந்தப் பக்கத்துப் பேச்சும் கிடங்கில் நடந்தவையும் பின்னால் அவரே எனக்குச் சொன்னவை.

"அக்கா, எங்க வீட்டு வாசல்ல மெயின் குழாய் ஒழுகுதுக்கா."

யார் குரல் என்று தெரிந்ததும் பேனாவைக் கீழே வைத்தார். சாயங்காலம் ஆள் வந்தால் வீட்டில் இருப்பீர்களா என்று கேட்டார்.

"இருப்பேன்க்கா. முன்னெல்லாம் பாட்டு ப்ராக்டிஸுக்குப் போவேன். இனிமே போறதில்லைன்னு இருக்கேன்."

அங்கேயே முடித்திருக்கலாம். "ஏம்மா?" என்றார்.

"என்னை வச்சுப் பாட்டு கட்டியிருக்காங்கக்கா. எல்லாரும் சிரிச்சாங்க, நானும் சிரிச்சேன். பஸ்ல, கடையில, பாத்ரூம் வாசல்லன்னு, தம்பியா தங்கச்சியான்னு தினமும் கேட்கிறதுதான். அந்த ஒரு ரூம்லதான் யாரும் கேட்காம இருந்தாங்க. எழுதினவரு நல்ல மனுஷன்தான். பாவம், இதெல்லாம் அவருக்கு எப்படித் தெரியும்?"

"ஆமாம்மா" என்று சொல்லி ஃபோனை வைத்தார். அன்று முழுவதும் அவர் தலை நிமிரவில்லை. மணி அடித்தால் நான் எடுத்தேன்.

டிரம் குச்சிகளை எடுத்துப்போக அவள் கிடங்குக்கு வந்த நாளில், பழைய பாட்டைக் கிழித்துவிட்டுப் புதியதைப் பாடினார். நெரிக்காத குரலில். 'வணக்கம், புகார்ப் பிரிவு, சொல்லுங்கம்மா. அக்கான்னு கூப்பிட்டாங்க, ஆமான்னு சொல்லிட்டேன்.' எலக்ட்ரீஷியன் வேடிக்கை என்று நினைத்துச் சிரித்தான். அவர் முகத்தைப் பார்த்ததும் கிட்டாரைக் கீழே வைத்தான்.

அவள் குச்சிகளோடு நின்றாள். "அன்னைக்கு ஃபோன்ல நீங்களா?"

"நான்தான். குழாய் சரியாச்சா?"

"இன்னும் ஒழுகுதுக்கா" என்றாள். பிறகு, "நான்னு தெரிஞ்சேதான் ஏம்மான்னு கேட்டீங்களா?"

"தெரிஞ்சேதான்."

"அது பாட்டுல வரலையே."

தன்னை அக்கா என்று நினைத்தவளின் வாயைத் தெரிந்தே பிடுங்கியதை அவர் எழுதாமல் விட்டிருந்தார்.

"அதையும் எழுதுங்க. எழுதினா டிரம்ஸ் வாசிக்கிறேன்."

எழுதினார். அந்தப் பாட்டைப் பல மேடைகளில் பாடினார்கள், நானும் போய்க் கேட்டிருக்கிறேன். அதைச் சொல்லும் கடைசிச் சரணம் வந்ததும் அவர் கூட்டத்தையும் பார்க்கமாட்டார், டிரம்ஸ் பக்கமும் திரும்பமாட்டார். தரையைப் பார்த்தபடிதான் பாடுவார். சரியாக அந்த இடத்தில் அவள் அடியைத் தணித்துக்கொள்வாள், ஒரு வார்த்தைகூடத் தப்பாமல் கடைசி வரிசைவரைக்கும் கேட்கட்டும் என்று.